பொன்வழக்கும் பொன்னாய்வும்: கோலார் முதலிய பழஞ்சுரங்க நாட்டுச் செவிவழிச் செய்திகள்

பொன் கிடைத்த நாடுகளில் எல்லாம் பொன்னைப் பற்றிய கதைகளும் உடன் கிடைக்கின்றன. இக்கதைகளைக் குறித்து நம்மவர் எழுதிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் இரு திறத்தன. ஒரு சாரார் கதையை மெய்ச்செய்தியாகவே கொண்டு, ஊர்ப்பெயரில் 'பொன்' என்னும் சொல் வரக் கண்டதுணையானே அவ்விடத்துப் பொன் விளைந்தது எனத் துணிவர். மற்றொரு சாரார், பாறையும் மண்ணும் ஆயும் நிலநூலார் கூற்றே சான்று, பிற எல்லாம் பாட்டி கதை என ஒதுக்குவர். இவ்விரு சாராரும் கேளாது விட்ட வினா ஒன்று உண்டு. கதையை முதற்கண் கூறியவர் யாவர்? அவர் கை மண்ணில் பட்டிருந்ததா? பொன்னைப் பற்றிய வழக்கு ஒன்றன் மதிப்பு, அதனைக் கூறினார்க்கும் பொன்னெடுக்கும் தொழிலுக்கும் இடையே இருந்த தொலைவைப் பொறுத்தது என்பது எம் கருத்து. கோலார்த் தங்கவயலை நடுவாக வைத்துத் தக்காணத்துப் பழஞ்சுரங்க நாடுகளின் வழக்குகளை இந்நோக்கில் ஆராய்வோம்.

சங்கப் பாடல்களைச் சான்றாக்கும் முறையிலிருந்து தொடங்குதல் தகும். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து மறுகுகளில் மயங்கிய பண்டங்களை எண்ணுமிடத்துப் பொன்னை வடமலையிற் பிறந்த பொருளாகக் கூறுகின்றது. அகநானூற்றின் 149-ஆம் பாட்டு, யவனர் மரக்கலம் முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதைச் சொல்கின்றது. இரண்டும் வணிகர் கண்வழி எழுந்த செய்திகள். பொன் வந்திறங்கும் துறையை அவை காட்டுகின்றன. அது தோன்றிய குழியை அவை காணவில்லை. குறிஞ்சிப் புனைவுகளில் அருவி பொன் கொழித்து வருவதாகக் கூறப்படுவது வேறு வகை. அகிலும் சந்தனமும் மணியும் யானைக்கோடும் வரும் நிரலில் பொன்னும் உடன் வருகின்றது. மலைவளம் கூறும் மரபு அது. அவற்றுள் 'கொழித்தல்' என்னும் வினை மட்டும் கருதத்தக்கது. முறத்திலிட்டுத் தெள்ளிப் பிரிக்கும் கைத்தொழிலைச் சுட்டும் அச்சொல், நீரோட்டம் மணலினின்றும் கனத்த துகளைப் பிரித்து ஒதுக்குதலை எவரோ ஒருவர் நேரிற் கண்டமைக்கு அடையாளமாகலாம். அதற்குமேல் அப்பாட்டுகளைக் கொண்டு இன்ன மலையில் இவ்வளவு பொன் என அளந்துரைப்பது பாட்டுக்கும் தீங்கு, ஆராய்ச்சிக்கும் தீங்கு.

கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) எபிரேய மறையில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்னும் சொல்லைத் தமிழ்த் 'தோகை'யோடு இணைத்துக் காட்டினார். அவ்விணைப்பு பொருந்துமா என்பது வேறு ஆராய்ச்சி. பொருந்தினும், அச்சொல் மயிலுக்கே சான்று. சாலொமோன் அரசனுக்குப் பொன் வந்ததாகக் கூறப்படும் ஓப்பீர் வேறு. மயிலைக் கொணர்ந்த தர்ஷீசின் மரக்கலங்கள் பேசப்படும் இடம் வேறு. மயில் நம் நாட்டது என்பதனால் ஓப்பீரின் பொன்னும் நம் நாட்டதே என முடிப்பது, ஓர் ஏட்டிலுள்ள இரு பக்கங்களை ஒட்டிப் படிப்பது போலும்.

ஊர்ப்பெயர்ச் சான்று இதனினும் வழுக்கலானது. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உத்தரப்பிரதேசத்துச் சோன்பத்ரா மாவட்டத்தில் மூவாயிரம் டன்னுக்கு மேற்பட்ட பொன் கண்டறியப்பட்டதாகச் செய்தி பரவிற்று. இந்திய நிலநூல் அளவைத் துறை உடனே அதனை மறுத்து, தான் மதிப்பிட்ட கற்படிவிலிருந்து பெறக்கூடிய பொன் ஏறத்தாழ 160 கிலோ அளவினதே என்றது. மூவாயிரம் டன்னை மக்கள் ஐயுறாது நம்பியதற்கு அப்பெயரும் துணை செய்திருக்கக்கூடும். இந்தியில் 'சோனா' பொன். ஆகவே சோன்பத்ரா பொன்னாடு! ஆனால் அம்மாவட்டம் பெயர் பெற்றது சோன் ஆற்றினால். அவ்வாற்றின் வடமொழிப் பெயர் சோணம், அதாவது செந்நிறம். திருவண்ணாமலையைச் சோணாசலம் என வழங்கும் நமக்கு இச்சொல் புதிதன்று.

கருநாடகத்து இராய்ச்சூர்ப் பகுதியில் இன்றும் பொன்னகழப்படும் ஊரை ஆங்கில எழுத்தால் 'ஹுட்டி' எனப் படித்தவர், கன்னடத்தில் 'ஹுத்த' புற்றைக் குறித்தலின் புற்றடியில் பொன் கண்ட ஊர் எனப் பொருள் கொள்ள எளிதில் இடமுண்டு. பகர முதற்சொற்கள் கன்னடத்தில் ஹகரமாதல் யாவரும் அறிந்தது. புற்று ஹுத்தவாயிற்று என்பதும் சரியே. ஆனால் கன்னடர் அவ்வூரை எழுதுவது 'ஹட்டி' என்றே. அது நம் 'பட்டி'. ஆயரும் ஆனிரையும் தங்கிய சிற்றூர் என்னும் அளவினது. அயல்மொழி எழுத்துக்கூட்டல் ஒன்று ஒரு பழங்கதையையே ஈன்றுவிடும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டா. பெயர் பட்டியாயினும் அவ்வூரின் பழங்குழிகள் அறுநூறு அடிக்கும் மேற்பட்ட ஆழம் சென்றவை. அவற்றிற் கிடைத்த மரத்துண்டுகள் கரிமக் கணக்கீட்டால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையன எனக் காணப்பட்டன. பெயர் பொன்னைச் சொல்லாத இடத்தில் நிலம் சொல்கின்றது. மறுதலையாக, கடற்கரை ஹொன்னாவரம் பெயரிற் பொன்னைச் சுமந்தும் துறைமுகமாகவே விளங்கிற்று. ஹொன்னாளியிலோ பெயரும் பொன், சுற்றுப்புறத்து நிலமும் பொன்.

அசோகனுடைய பிரமகிரிச் சாசனம் குறிக்கும் சுவர்ணகிரி எது என்னும் வழக்கு இன்னும் சுவையுடையது. மஸ்கி, கனககிரி, ஜொன்னகிரி என மூன்றிடங்கள் கூறப்படுகின்றன. 'சுவர்ண' என்பதே 'ஜொன்ன' எனத் திரிந்தது என்பர் ஒரு சாரார். தெலுங்கில் 'ஜொன்ன' என்பது சோளம். சோளம் விளைந்த குன்றைச் சோளக்குன்று என அழைக்க அசோகன் வேண்டியதில்லை. ஆயினும் எர்ரகுடிச் சாசனப் பாறைகள் ஜொன்னகிரிக்கு அணித்தே இருத்தலும், அங்குப் பழைய பொற்குழிகள் காணப்படுதலும், இக்காலத்தும் பொன்னகழ்வு முயற்சி நடைபெறுதலும் பெயரின் ஐயத்தை ஓரளவு ஈடு செய்கின்றன. மஸ்கிச் சாசனத்தை 1915-இல் கண்டறிந்தவரே பொன் தேடிச் சென்ற சுரங்கப் பொறியாளர் பீடன் என்பவர். அசோகன் என்னும் இயற்பெயரைத் தாங்கிய கல்வெட்டு என முதன்முதல் அறியப்பட்டது அது. பொன் தேடியவர் கையில் வரலாறு கிடைத்தது என மகிழலாம். வரலாறு தேடும் நாம் பழங்குழிகளின் ஓரத்தை நாடுவது எத்துணை அரிது என்பதையும் உடன் எண்ணிப் பார்க்கலாம்.

இனிக் கோலார். கங்கர் தம் விருதுகளிற் போற்றிய குவளாலபுரம் இதுவே. இதன் புகழ்பெற்ற தலவரலாறுகள் சமதக்கினி முனிவரையும் காமதேனுவையும் கார்த்தவீரியனையும் பரசுராமனையும் பேசுகின்றன. ஊரின் பெயரையே அப்போரின் கோலாகலத்தினின்றும் வருவிப்பாரும் உளர். கோலாரம்மன் கோயிலில் தேளை அடக்கும் தேவியாகச் சேளம்மையை வழிபடுகின்றனர். அங்கே முதல் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. சோழர் பொன்னுக்காகவே கோலாரைக் கொண்டனர் எனக் கதை கட்டுவார் அக்கல்வெட்டைத் துணைக்கழைப்பர். அது சோழராட்சிக்குச் சான்று, சுரங்கத்திற்குச் சான்றன்று. ஊரினின்றும் சில கல் தொலைவில் இத்துணைப் பொன் கிடந்தும், தலவரலாற்றில் முன்னிற்பவை பசுவும் தேளும் போருமே. கோயிலைச் சார்ந்து வாழ்ந்த கற்றோர் வாயில் பொன்வழக்கு இடம்பெறவில்லை. அஃது எவர் வாயில் இருந்தது?

1799-இல் திப்பு வீழ்ந்தபின், மைசூர் நாட்டின் கீழெல்லையை அளக்க 1802-இல் வந்தவர் படைத்துணைவர் ஜான் வாரன். அப்பகுதி நிலத்தில் பொன் உண்டு என்னும் தெளிவற்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. பொன் காட்டுவார்க்குப் பரிசு எனச் சாற்றினார். ஊரார் வண்டிகளில் மண்ணைக் கொணர்ந்து அவர் முன்னிலையில் நீரிட்டு அரிக்க, பொற்றுகள் தங்கிற்று. மாரிக்குப்பத்தில் குழிகளுக்குள் ஆடவர் இறங்கிக் கல்லை அகழ்ந்து கூடையிற் கைமாற்றி மேலேற்றுதலையும், மகளிர் அக்கல்லைப் பாறைமீதிட்டு இடித்துப் பொடியாக்கி நீரில் அரித்தலையும் அவர் கண்டு எழுதினார். சாதிப் படிநிலையிற் கீழே தள்ளப்பட்ட குடியினர் அவர். அவ்வறிக்கையை நாம் படிக்கும் முறையில்தான் பிழை நேர்கின்றது. 'தெளிவற்ற பேச்சு' என வாரன் கேட்டது, அரைத்துயிலிற் கூறிய பழங்கதை அன்று. அன்றாடம் நடைபெற்ற தொழிலின் ஒலி, அத்தொழிலை மதியாத மேலோர் செவிவழிச் சுற்றி வந்து மங்கிய நிலையே அப்பேச்சு. பேச்சு தெளிவற்றிருந்தது கேட்டோரின் தொலைவால். மாரிக்குப்பத்து மகளிர்க்கு அதில் யாதொரு மயக்கமும் இல்லை.

வாரனைப் பற்றி ஒரு குறிப்பு இங்கே இடைப்பிறவரலாயினும் வேண்டும். இவரே பின்னர்ச் சென்னை வானாய்வகத்திற் பணியாற்றி, தென்னாட்டுக் கால அளவைகளைப் பற்றிக் 'காலசங்கலிதம்' என்னும் நூலை 1825-இல் வெளியிட்டவர். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் நிலத்திற் சோழிகளைப் பரப்பியே அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் பதிவு செய்தார். அப்பதிவு பிற்கால வானநூல் வரலாற்றார்க்குப் பெரும்பயன் தந்தது. மாரிக்குப்பத்தில் மண்ணரித்தாரைக் கண்ட கண்ணும் புதுச்சேரியில் சோழி எண்ணியவரைக் கண்ட கண்ணும் ஒன்றே. செய்வாரைச் செய்யுமிடத்தே சென்று காண்பது அவர் முறை. நாட்டார் வழக்கு ஆய்வோர் நூற்பட்டியலில் வாரன் பெயர் பெரும்பாலும் காணப்படாமை வியப்பே.

வாரனுடைய அறிக்கையைப் படித்த லவெல் என்னும் அயர்லாந்தியர், நியூசிலாந்துப் போரிலிருந்து மீண்டு பெங்களூரில் தங்கியிருந்தவர், 1871-இல் மாட்டுவண்டியிற் கோலாரை அடைந்தார். 1875-இல் மைசூர் அரசிடம் அகழ்வுரிமை பெற்றார். தாமே தொடர்ந்து நடத்தப் பொருள் போதாமல் உரிமை பிறர்க்குக் கைமாறிற்று. 1880 முதல் ஜான் டெய்லர் குழுமத்தின் கீழ்ச் சுரங்கங்கள் வளர்ந்தன. இன்று வழங்கும் கதையில் தங்கவயலைக் 'கண்டுபிடித்தவர்' லவெல். ஒற்றை மாட்டுவண்டி, ஒற்றை மனிதன், நெஞ்சுரம் ஆகியவை அமைந்த இக்கதையும் ஒரு பொன்வழக்கே. புற்றில் உறையும் பாம்புக் கதையை ஐயுறும் ஆய்வாளர் இதனை மட்டும் வரலாறு எனக் கொள்வது ஏன்? இதற்குத் தலைவன் உண்டு, பயணம் உண்டு, புதையல் உண்டு. பழமரபுக் கதையின் உறுப்புகள் யாவும் உள. இல்லாதவர் பாறைமீது கல்லிடித்த மகளிர் மட்டுமே. சுரங்கங்கள் செழித்த வரலாறும் இதனையே உறுதி செய்கின்றது. தொடக்கத்திற் பொருளிழந்து தளர்ந்த நிறுவனங்களை வாழ்வித்தது, பெயரறியா முன்னோர் அகழ்ந்து விட்ட பழங்குழிகளின் கீழே தொடர்ந்து சென்ற முயற்சியே. பழைய சுரங்கத்தைக் கிட்டமும் மூசையும் கரியும் சாம்பலும் கொண்டு அறிக என்னும் கருத்து அர்த்தசாத்திரத்துச் சுரங்க அதிகாரத்தில் உண்டு. அந்நூலார் அவ்விடத்துக் கதையைக் குறியாகக் கூறாது, தொழிலின் எச்சத்தைக் குறியாகக் கூறியது கருதத்தக்கது.

தொலைவு மிக மிகக் கதை எவ்வாறு பருக்கின்றது என்பதற்கு எறும்புப் பொன் தக்க சான்று. நரியினும் பெரிய, நாயினும் சிறிய எறும்புகள் இந்தியப் பாலையிற் பொன்மணலைத் தோண்டி எறிவதாகவும், ஒட்டகத்திற் சென்று அள்ளுவாரை அவை துரத்துவதாகவும் எரோதோத்தசு எழுதினார். பாரசீகர் வாய்மொழி அவருக்குச் சான்று. மகாபாரதத்துச் சபாபருவமோ, வடமலைக் குடிகள் 'பிபீலிகப் பொன்'னை மரக்காலால் அளந்து திறையாகக் கொணர்ந்தனர் என்னும் அளவில் அமைகின்றது. அளவைக் கலத்தால் முகந்தமையின் அது துகட்பொன் என்பது பெறப்படும். எறும்பின் உருவம் பற்றி அங்கே பேச்சில்லை. மலையடியில் எறும்பு எறும்பாகவே இருந்தது. கிரேக்க நாடு சென்று சேர்ந்தபோது நாயளவு வளர்ந்துவிட்டது. இமயத்துக்கு அப்பால் வளையிடும் மலையணில் போன்ற விலங்கு எறியும் மண்ணிலிருந்து பொன் திரட்டிய குடியைப் பற்றி மிசேல் பெசல் 1984-இல் நூல் எழுதினார். அவ்விளக்கம் முற்றும் ஏற்கப்பட்டது எனல் இயலாது. ஆத்திரேலிய ஆய்வாளர் 2012-இல் வெளியிட்ட ஆய்விலோ, பொற்படிவின் மேல் அமைந்த எறும்புக் கூடுகளிலும் கறையான் புற்றுகளிலும் பொன்னின் நுண்கூறு மிகுந்திருத்தல் காட்டப்பட்டது. புற்று நிலத்தடியைக் காட்டும் என்பது நமக்குப் புதுமையன்று. வராகமிகிரர் பிருகத்சங்கிதையில் நிலத்தடி நீர்க்குப் புற்றைக் குறியாகக் கூறியுள்ளார். அதனாற் புற்றுக்கதை எல்லாம் அறிவியல் எனக் கொண்டாடத் தேவையில்லை. எந்தக் கதை புற்று மண்ணை எடுத்து அரித்துப் பார் என்கின்றது, எந்தக் கதை புற்றுக்குப் பால் வார்த்து நில் என்கின்றது என வேறுபடுத்தினாற் போதும்.

தார்வாடப் பகுதியின் கப்பத்குட்டா ஓடைகளில் மழைக்குப் பின் பொன்னரித்த ஜாலகாரர் என்னும் குடியினரைப் பற்றி நிலநூலார் புரூசு பூட் 1874-இல் எழுதினார். எந்த ஓடை பொன் தரும், எது தராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தமிழில் 'அரிப்புக்காரர்' என்னும் சொல் உண்டு. பொற்கொல்லர் தெருச் சாக்கடை மண்ணை அரித்துத் துகள் எடுப்பாரை இன்றும் காணலாம். தொழிற்சொற்கள் தொகுப்பார் இச்சொல்லையும் இதன் வழிவந்த வினைகளையும் தனித்து ஆராய்தல் வேண்டும். புலவர் பாடிய பொன்னினும் இவர்கள் சொற்கள் சான்றாண்மை மிக்கவை.

வழக்கு தொழிலினின்றும் அறுபட்டால் நேரும் கேட்டை வயநாட்டிற் காண்கிறோம். 1877-இல் நீலகிரியோடு சேர்க்கப்பட்ட தென்கிழக்கு வயநாட்டில், தேவாலை, பந்தலூர்ப் பகுதிகளில் பழங்குழிகள் எண்ணில. பணியரும் குறும்பரும் அங்கே பொன்னெடுத்த செய்தியை வெள்ளையர் அறிந்தனர். ஆத்திரேலியாவிலிருந்து வந்த பிரௌ ஸ்மித் ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1879 முதல் மூன்றாண்டுகளில் இலண்டனில் நிறுவனம் மேல் நிறுவனமாகப் பங்கு விற்றது. காப்பித் தோட்டங்கள் பொற்சுரங்கமாக விலை பேசப்பட்டன. எடுத்த பொன் இட்ட முதலின் சிறு கூறுக்கும் ஈடாகாது, யாவும் சரிந்தன. இத்துணைக் குழிகள் உண்டு, ஆகவே இத்துணைப் பொன் உண்டு என்பது அவர் வாதம். குழிகள் பொய் கூறவில்லை. கொத்தடிமைக் கூலிக்கு உழைத்த பணியர் கையால் எடுக்குமளவு பொன் அங்கிருந்தது என்றே அவை கூறின. கூலியும் இயந்திரமும் பங்காதாயமும் தாங்குமளவு பொன் உண்டு என அவை எங்கும் கூறவில்லை. அதனைக் கூறியது இலண்டனில் அச்சிட்ட பங்கு அறிவிப்பு. பொன்வழக்குகளுள் மிகப் பொய்யானவை நாட்டார் வாயிற் பிறந்தவை அல்ல என்பதற்கு இதுவே தலையாய எடுத்துக்காட்டு.

புதையற்கதையை இவற்றோடு கலத்தலும் ஆகாது. 2013 அக்தோபரில், துறவி ஒருவர் கனவிற் கண்டதாகக் கூறிய ஆயிரம் டன் பொன்னை நாடி உன்னாவ் மாவட்டத்துத் தௌண்டியா கேடாக் கோட்டையில் தொல்பொருள் துறை அகழ்ந்தது, பொன் கிடைக்கவில்லை. புதையற்கதையில் பொன் ஒருவன் வைத்தது, காவலுக்குப் பூதமோ நாகமோ உண்டு, கனவு வழிகாட்டும். சுரங்க வழக்கில் பொன் நிலத்தினது. நிறம், கனம், ஓடை வளைவு, வெங்கச்சங்கல் என அதற்குக் குறிகள் உண்டு. ஆய்வேடுகளில் இவ்விரண்டையும் 'பொன் பற்றிய நம்பிக்கைகள்' என்னும் ஒரே தலைப்பில் அடைக்கும் பழக்கம் விடத்தக்கது.

தங்கவயலின் இற்றைத் தமிழ்க்கதைகளுக்கு வேறொரு காப்பு வேண்டும். 1880-க்குப் பின் வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பெருந்தொகையினராய்க் குடியேறிய தொழிலாளர் வழிவந்தவை அவை; அத்தொழிலாளருட் பெரும்பாலார் ஒடுக்கப்பட்ட குடியினர். ஆகலின் சுரங்கத்தடி ஆவிகளையும் அம்மனையும் பற்றிய கதை அங்கே கிடைப்பின், அதனைக் கங்கர் காலத்துக்கு ஏற்றி உரைத்தல் தவறு. பத்தாயிரம் அடிக்கும் கீழே சென்ற சாம்பியன் சுரங்கத்தின் வெப்பத்திற்கும், அழுத்தத்தாற் பாறை திடீரென வெடித்துச் சிதறிய சாவுகளுக்கும் அவை சான்றாகுமா என்றே முதலிற் கேட்டல் வேண்டும். இம்மக்கள் கதை கேட்டிருந்தோர் மட்டுமல்லர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. தங்கவயற் சித்தார்த்தா புத்தகசாலை அவர் நூல்களை அச்சிட்டுப் பரப்பிற்று. மரபுக்கதைகளை மறித்துக் கேட்டு வேறு பொருள் கண்ட ஓர் அறிவுமரபு அங்கே வாழ்ந்தது. அவ்வூரிற் சென்று கதை கேட்போர், தகவலாளி ஒருவரைத் தேடுவதாக எண்ணாது, உரையாசிரியர் ஒருவரைத் தேடுவதாக எண்ணிச் செல்லுதல் நன்று.

1956-இல் அரசுடைமையான சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்கு மேற்பட்ட பொன் அங்கிருந்து சென்றது. எஞ்சியவை சயனைடு கலந்த மண்மேடுகள். அடியில் இன்னும் பொன் மிகவுண்டு என்னும் பேச்சும் எஞ்சிற்று. 2020-இல் கைவிடப்பட்ட சுரங்கமொன்றில் இறங்கியோருள் மூவர் மூச்சடைத்து மாண்டனர். 1960-களிற் சுரங்கத்துள் இறங்கத் தொடங்கியோர் இன்று எண்பது அகவையை அடுத்தவர் அல்லது கடந்தவர். அவர்களிடம் 'பொன்னைப் பற்றி என்ன கதை சொல்வர்?' எனக் கேட்டால் கதையே கிடைக்கும். கல்லைக் கையிலெடுத்தவுடன் எதைப் பார்த்தீர், பொன்னுள்ள கல்லுக்கும் வெறுங்கல்லுக்கும் உங்களுக்குள் என்ன பெயர், பாறை வெடிக்குமுன் எவ்வோசை கேட்டது, அவ்வோசைக்கு என்ன சொல் எனக் கேட்டுக் குறித்தல் வேண்டும். மாரிக்குப்பத்துப் பெயரறியா மகளிரிடம் 1802-இல் எவரும் கேளாது விட்ட வினாக்கள் இவையே.